படிக்காத சமுதாயம் பதில் சொல்லுமா?



உங்கள் பிள்ளை சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறானா? அவனுடைய அரசியல் அறிவியல் பாடநூலை என்.சி.இ.ஆர்.டி. 2024-ல் திருத்தி வெளியிட்டது. பாபர் மஸ்ஜித் என்ற பெயர் நீக்கப்பட்டு, 'மூன்று குவிமாடக் கட்டடம்' என்று ஆக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் தூக்கி எறியப்பட்டது. 1992 டிசம்பர் 6-ல் கடப்பாரையால் இடித்தார்கள். மிச்சமிருந்த பெயரை ரப்பரால் அழித்துவிட்டார்கள்!

நாம் என்ன செய்தோம்? ஆர்ப்பாட்டம் நடத்தினோம், சுவரொட்டி ஒட்டினோம். அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், "வாப்பா, அங்கே என்னதான் நடந்தது?" என்று பிள்ளை கேட்டால், ஆதாரத்தோடு பதில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

கிருஷ்ணா ஜா, தீரேந்திர கே. ஜா இருவரும் எழுதி 2012-ல் வெளிவந்த 'அயோத்யா: தி டார்க் நைட்' நூலை வாங்குங்கள். 1949 டிசம்பர் 22 இரவில் பள்ளிவாசலுக்குள் சிலை எப்படி வந்தது என்பதை அது விளக்குகிறது. சிலை தானாகத் தோன்றியதாம்! மறுநாள் போலீஸ் பதிந்த முதல் தகவல் அறிக்கையோ, ஐம்பது அறுபது பேர் அத்துமீறி நுழைந்து வைத்ததாகக் கூறுகிறது. சிலையை அகற்றும் உத்தரவை நிறைவேற்ற மறுத்த மாவட்ட ஆட்சியர் கே.கே. நாயர், 1967-ல் ஜனசங்க எம்.பி. ஆனார். 2019 நவம்பர் 9-ல் அந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த உச்ச நீதிமன்றமே, 1949-ல் சிலை வைத்ததும் 1992-ல் இடித்ததும் சட்டவிரோதம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து, ஆட்ரி டிரஷ்கி 2017-ல் வெளியிட்ட ஔரங்கசீப் பற்றிய சிறு நூல். அவர் கோயில்களை இடித்ததை இந்நூல் மறைக்கவில்லை. கோயில்களுக்கு மானியம் கொடுத்ததையும், ஆட்சியின் பிற்பகுதியில் முகலாய உயர் அதிகாரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்துக்களாக இருந்ததையும் சேர்த்தே சொல்கிறது. நமக்குக் கசப்பானதையும் நாம் படிக்க வேண்டும். பாதி உண்மையோடு விவாதத்திற்குப் போகிறவன் மீதிப் பாதியில் தோற்பான்!

மூன்றாவது, ரஷீத் காலிதி 2020-ல் வெளியிட்ட 'தி ஹண்ட்ரட் இயர்ஸ் வார் ஆன் பாலஸ்டைன்'. பாலஸ்தீனப் பிரச்சினை 2023 அக்டோபர் 7-ல்தான் தொடங்கியது போலத் தொலைக்காட்சிகள் பேசுகின்றன. 1917 பால்ஃபர் பிரகடனத்திலிருந்து நூறாண்டு அநீதியை இந்நூல் வரிசைப்படுத்துகிறது. 2025 பிப்ரவரியில் கிழக்கு ஜெருசலேமில் ஒரு பாலஸ்தீனியரின் புத்தகக் கடைக்குள் இஸ்ரேலியப் போலீஸ் புகுந்து, புத்தகங்களை அள்ளிச் சென்றது. கடைக்காரர்களைக் கைது செய்தது. ஆயுதம் தாங்கியவன் எதற்கு அஞ்சுகிறான், பார்த்தீர்களா?

வணிகப் பெருமக்களே! ஒரு டிஜிட்டல் பேனருக்கு ஆகும் செலவில் இந்த மூன்று நூல்களையும் வாங்கிவிடலாம். பேனர் பத்து நாளில் கிழியும். புத்தகம் பத்துப் பேர் கைமாறும். வாங்கி ஜமாஅத் நூலகத்திற்குக் கொடுங்கள்.

இளைஞர்களே! மூன்றும் ஆங்கில நூல்கள் என்று ஒதுங்காதீர்கள். ஆங்கிலம் அறிந்தவர் படித்து, வாரம் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

நமக்கு இறங்கிய முதல் வஹீயே ஓதச் சொல்லித்தான் இறங்கியது. அந்தச் சமுதாயத்தின் தெருவில் நூலகம் பூட்டிக் கிடக்கலாமா? அவர்கள் பாடநூலிலிருந்து நம்மை நீக்கலாம்; நாம் படித்து அறிந்ததை நம் தலைக்குள்ளிருந்து நீக்க முடியாது. பூட்டைத் திறப்போம், இன்ஷா அல்லாஹ்!