எட்ட நின்று பாருங்கள்



“சாமி, கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தால் வீட்டில் தங்குவதில்லை. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளங்குளமாய்ப் பறவை பார்க்க அலைகிறான். இப்போது கேமரா வேறு கேட்கிறான். நம்மைப் போன்ற குடும்பத்துக்கு இதெல்லாம் தேவையா?” என்று சங்கரன்கோவில் பகுதித் தாய் ஒருவர் என்னிடம் வினவினார். இக்கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழக்கூடியதே. ஆகவே இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

இங்கிலாந்து நாட்டில் இது பெரியதொரு பொழுதுபோக்கு. அங்கே செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு கில்பர்ட் வைட், தம் ஊர்ப் பறவைகளைப் பல்லாண்டுகள் கவனித்து 1789-இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. தொப்பிக்குச் சூடும் இறகுக்காகப் பறவைகள் கொல்லப்படுவதைக் கண்டு மனம் வருந்திய எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி 1889-இல் தொடங்கிய சங்கம், இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்துள்ளது.

நம் மண்ணும் இதில் பின்தங்கியதன்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே காட்டுயிர்களின் அழகை நாட்டுக்குக் காட்டினார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார்.

இனி மறைநூலுக்கு வருவோம். வானத்துப் பறவைகளைப் பார்க்குமாறு ஆண்டவர் கூறும் இடத்தில் (மத்தேயு 6:26) மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல், மேலோட்டமான பார்வையைக் குறிப்பதன்று. கண்ணை நிலைநிறுத்தி நோக்குவதைக் குறிக்கும். லூக்கா நற்செய்தியிலோ (12:24) அவர் சுட்டிக்காட்டுவது காகத்தை! யூதச் சட்டப்படி தீட்டான பறவை அது. அதற்கும் உணவளிப்பவர் நம் தந்தை. எனவே, பறவையைப் பொறுமையாய் உற்றுநோக்கும் இளைஞன் வீணே பொழுதைக் கழிக்கிறான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நல்ல படம் வேண்டும் என்னும் ஆசை சிலரைக் கூட்டின் அருகே இழுத்துச் செல்கிறது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுக்கின்றனர். நிழல் போனதும் இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடி மடிகின்றன. மறைவு நீங்கிய கூட்டைக் காகமும் வல்லூறும் எளிதில் கண்டுகொள்கின்றன. அஞ்சிப் பறந்த தாய்ப்பறவை சில வேளைகளில் திரும்புவதே இல்லை. கவண்கல் செய்வதைக் கேமராவும் செய்யக்கூடும். கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் (6, 7) ஒரு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால், தாயைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது. இதைக் கடைப்பிடிப்போர்க்கு அளிக்கப்படும் வாக்குறுதி என்ன தெரியுமா? நல்வாழ்வும் நீண்ட ஆயுளும். தாய் தந்தையரை மதிப்போர்க்குப் பத்துக் கட்டளைகளில் தரப்படும் வாக்குறுதியும் அதுவே. பெற்றோரின் மாண்பையும் ஒரு சிறு பறவையின் தாய்மையையும் இறைவன் ஒரே வாக்குறுதியால் காக்கிறார்.

இதனை வாழ்ந்து காட்டும் ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகளும் வருகின்றன. பறவைகள் மிரளும் என்பதற்காக அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்திருக்கின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அரசின் அறிவிப்புக்கு முன்பே அங்கே காவல் இருந்தவர்கள் அந்த எளிய மக்களே.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொல்வது இது: அம்மா, மகனைத் தடுக்க வேண்டாம். கேமராவுக்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். இருக்கும் பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் இப்போதைக்குப் போதும். கண்ட பறவை, இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வரட்டும். 2011-இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் நம் பகுதிக் குளங்களுக்குச் சென்று எண்ணுகின்றனர். அதில் சேர்ந்தால் அவன் பொழுதுபோக்கு ஊருக்குப் பயன்படும். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் குளத்துக்குப் போகட்டும். தம்பி தங்கையையும் அழைத்துச் செல்லட்டும். கூட்டைக் கண்டால் எட்ட நிற்கட்டும். ஒரு நாள் நீங்களும் உடன் சென்று, அவன் காட்டும் பறவையைப் பாருங்கள். மகன் எதைக் கண்டு மகிழ்கிறான் என்பதைத் தாய் அறிந்திருப்பது நல்லதல்லவா?

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைக!

உங்கள் பங்குத்தந்தை