உலமாவின் குரலும் நமது ஊகங்களும்

ஹரி பொட்டர் கதைகளை வாசித்தவர்கள் ஹெர்மாயினியின் பூனையை மறந்திருக்க மாட்டார்கள். செம்மஞ்சள் உடம்பு, வளைந்த கால்கள், தட்டையாக நசுங்கிய முகம். குரூக்‌ஷாங்க்ஸ் என்று பெயர். 1999இல் வெளிவந்த மூன்றாவது புத்தகத்தில்தான் அது முதன்முதலாக வருகின்றது. வந்த நாளிலிருந்தே ரொன் வளர்க்கும் எலியை விரட்டுகின்றது. ஒருநாள் எலியைக் காணவில்லை; கட்டில் விரிப்பில் இரத்தம். பூனைதான் தின்றுவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். ஹெர்மாயினியோடு ரொன் பேச்சையே நிறுத்திவிடுகிறான். கடைசியில் பார்த்தால், எலி எலியே அல்ல. பன்னிரண்டு வருடங்களாக ஒளிந்திருந்த ஒரு காட்டிக்கொடுத்தவன். இரத்தமும் அவன் தானே வரவழைத்தது. பூனை மாத்திரம் ஆரம்பம் முதல் சரியாக இருந்திருக்கின்றது.

எங்கள் விடுதியில் இந்தப் பூனையின் பூர்வீகத்தைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. அது ஹரியின் பெற்றோர் வளர்த்த பூனை என்பது ஒரு கட்சி. ஏழாவது புத்தகத்தில் ஹரியின் தாய் எழுதிய பழைய கடிதமொன்றில் ஒரு பூனை வருகின்றதே, அதுதான் இது என்பார்கள். இரண்டாவது கட்சி, எலி மனிதனாக இருந்தால் பூனையும் ஏன் மனிதனாக இருக்கக்கூடாது என்று கேட்கும். சிரியஸ் பிளாக்கின் தம்பி ரெகுலஸ்தான் பூனை உருவில் வந்தான் என்று அந்தக் காலத்து வாசகர்கள் சிலர் அடித்துச் சொன்னார்களாம். 2007இல் வந்த கடைசிப் புத்தகத்தில் ரெகுலஸ் எப்போதோ இறந்துபோனவன் என்று தெரிந்ததும் அந்தக் கட்சி கலைந்துவிட்டது. மூன்றாவது கட்சிக்கு வேலையே இல்லை. நூலாசிரியர் ஜே.கே. ரௌலிங், அது பாதி நீஸில் இனம் என்று பிறகு சொல்லிவிட்டார். நீஸில் என்பது கள்ளரை மணந்து பிடிக்கும் பூனை போன்றதொரு மாயப் பிராணி.

இதெல்லாம் வீண்வேலை என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பூனைக்காக நானூறு பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டி, எந்த இடத்தில் அது யாரைப் பார்த்துச் சீறியது என்று குறித்துவைக்கும் பிள்ளை வாசிக்கப் பழகுகிறாள். என்னுடைய குறை வேறு. கதைப் பிராணியைப் பற்றி நாம் எவ்வளவுதான் ஊகித்தாலும், எழுதியவர் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். நம் காட்டில் இருக்கும் ஒரு பிராணியைப் பற்றி நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக ஊகம் நடக்கின்றது. அங்கே நாம் பூனைக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியைக்கூடக் கொடுக்கவில்லை.

அதன் பெயர் உலமா. (மௌலவிமார் மன்னிக்கவேண்டும், இது சிங்களச் சொல். நம் உலமாக்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) ஆங்கிலேயர் பேய்ப்பறவை என்று எழுதினார்கள். நெடுங்கேணிப் பக்கம் அதற்கென்று தனிப்பெயரைவிட, இரவில் கத்தும் எதற்கும் பொதுவான ‘சாக்குருவி’தான் என் காதில் அதிகம் விழுந்திருக்கின்றது. என் மாமா அங்கே கடை வைத்திருப்பதால் விடுமுறை நாட்களில் அங்கு போய் நிற்பேன். பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் காடு வீடுகளுக்குப் பின்னால் தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு கேட்கும் சத்தங்களில் யானை எது, மயில் எது, நரி எது என்று அங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கழுத்தை நெரிக்கும்போது ஒரு பெண் கத்துவது போல ஒரு சத்தம் வந்தால் மாத்திரம் யாரும் விளக்கம் சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள்.

கதை இதுதான். ஒருவனுக்குத் தன் மனைவிமேல் சந்தேகம். பிறந்த குழந்தை தன்னுடையதல்ல என்று எண்ணுகிறான். அவள் வெளியே போன நேரத்தில் குழந்தையைக் கொன்று கறி சமைத்து, அவள் வந்ததும் சோற்றோடு வைக்கிறான். தட்டில் ஒரு சின்ன விரலைக் கண்டவள் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறாள். அவளே உலமாவாகிவிட்டாள்; இன்றும் அலறுகின்றாள்; அந்த அலறலைக் கேட்ட வீட்டில் சாவு விழும். ஊருக்கு ஊர் சில மாற்றங்கள் உண்டு. முதுகெலும்பு ஒன்றுதான்.

இந்தப் பறவை எது என்ற ஊகங்களுக்கு நீண்ட வரலாறு இருக்கின்றது. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை உயிரினங்கள் பற்றிய நூலில் இதை எழுதியிருக்கிறார். குருநாகலில் வேலைபார்த்த மிட்ஃபோர்ட் என்ற அதிகாரி அவருக்கு எழுதிய கடிதமும் அதில் உண்டு. அரசாங்க மாளிகைக்குப் பின்னாலிருந்த மலையில் அந்தக் குரலைக் கேட்டவர் அவர். இது ஆந்தையே அல்ல என்பது அவருடைய கட்சி. பின்னால் வந்தவர்கள் பக்கி என்றார்கள், குடுமிப் பருந்து என்றார்கள், தேன்கூட்டைக் குடையும் பருந்து என்றார்கள், கபில நிறக் காட்டாந்தை என்றார்கள். இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுவது, 2001இல் வெளிவந்த ஒரு முடிவின்படி, வயிற்றில் புள்ளிகள் கொண்ட பெரிய கொம்பன் ஆந்தை. காதுபோல இரண்டு இறகுக் கொம்புகள், கருவிழி, இரண்டடி உயரம். காட்டுக்கோழி, முயல், மயில் வரைக்கும் பிடிக்கும் பலம் அதற்கு இருக்கின்றது. சாதாரண நாட்களில் தாழ்ந்த குரலில் உறுமுவதோடு நிறுத்திக்கொள்ளும். சில வேளைகளில் மாத்திரம் மனிதக் குரலாய் ஓலமிடும்.

இந்த முடிவைப் பற்றி இன்னும் வாதம் இருக்கின்றது. என் கருத்து, ‘எந்தப் பறவை’ என்ற கேள்வியே கோணலானது என்பது. இருட்டில் கேட்ட ஒன்றுக்கு மாத்தளையில் ஒருவர் வைத்த பெயரையே வன்னியில் இன்னொருவர் வேறொரு சத்தத்துக்கு வைத்திருக்கலாம். கூட்டில் பசித்த குஞ்சும் கத்தும், துணை தேடும் ஆணும் கத்தும், பாம்பு கிட்ட வந்தால் தாயும் கத்தும். ஐந்தாறு பறவைகளின் குரல்களைச் சேர்த்து நாம் ஒரே பேயைச் செய்திருக்கிறோம். ஆனால் பேய் என்றால் ஒன்றாக இருந்தால்தானே பயம்! ஐந்து பறவை என்றால் அது பட்டியலாகிவிடும்.

சாவு விழும் என்பதற்கு வருகின்றேன். கடுமையான நோயாளி இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரியும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் சிறிய ஆந்தையும் வரும். அது முற்றத்து மரத்திலிருந்து கத்தும். நோயாளி மௌத்தானால் ஆந்தை நினைவில் நிற்கும். சுகமாகி எழும்பினால் ஆந்தையை யார் நினைக்கப்போகிறார்கள்? ஆந்தை கத்தி யாரும் சாகாத இரவுகளை எவரும் எண்ணிவைத்ததில்லை. சென்ற வருடம் மாமாவின் வீட்டுக்கு அருகே ஒரு மூதாட்டி படுக்கையில் கிடந்தபோது, குளக்கரை மருதமரத்தில் இருந்த ஆந்தையைப் பையன்கள் கவணால் அடித்து வீழ்த்தினார்கள். அது மீன் பிடித்துத் தின்னும் ஆந்தை. கால்விரல்களில் இறகு இல்லாமல், மீன் வழுக்காதபடி அடிப்பாதம் சொரசொரப்பாக இருந்தது. மூதாட்டி பதினொரு நாளில் எழும்பிவிட்டார். ஆந்தையை அடித்ததால்தான் பிழைத்தார் என்று இப்போது சொல்கிறார்கள். எப்படிப் புரட்டினாலும் தோற்காத ஊகம் இது. ரெகுலஸ் கட்சிக்காரருக்கு இருந்த நாணயம்கூட இதற்கு இல்லை. அவர்கள் கடைசிப் புத்தகம் வந்ததும் ஒத்துக்கொண்டு விலகினார்களே.

அந்த ஊர் வயல் செய்யும் ஊர் என்பதையும் சொல்லவேண்டும். நெல்வயலில் தென்னை மட்டையை நட்டு, இரவில் ஆந்தை வந்திருந்து எலி பிடிக்க இடம் கொடுக்கும் பழக்கம் நம் நாட்டு விவசாயத்தில் உண்டு. எலி பெருகினால் நெல் மாத்திரம் போவதில்லை, எலிக்காய்ச்சலும் வரும். வயலில் இருந்தால் உதவிக்காரன், முற்றத்தில் இருந்தால் மலக்குல் மௌத்தின் தூதன் என்று ஒரே ஆந்தைக்கு இரண்டு பதவி கொடுத்திருக்கிறோம்.

நம் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடை எவ்வளவு குறிப்பானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சகுனம் பார்ப்பதை மறுக்கும் நபிமொழியிலே, புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது, ‘ஹாமா’ என்ற ஒரு சொல் தனியாக வருகின்றது. அதற்கு விளக்கவுரைகள் இரண்டு பொருள் சொல்லும். ஒன்று, வீட்டின்மேல் வந்திருந்தால் சாவு என்று அரபிகள் அஞ்சிய ஆந்தை. மற்றது, இறந்தவரின் எலும்போ உயிரோ பறவையாக மாறுகின்றது என்ற ஜாஹிலிய்யாக் கால நம்பிக்கை. கொலையுண்டவனுக்காகப் பழிவாங்கும்வரை அந்தப் பறவை தாகம் தாகம் என்று கத்தும் என்று அவர்கள் நம்பினார்கள். பாலைவனத்து ஹாமாவும் நம் காட்டு உலமாவும் எவ்வளவு நெருங்கிய உறவு! கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் மனிதர்கள் ஒரே பறவையின் வாயில் ஒரே கொலையை வைத்திருக்கிறார்கள். றசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அதைப் பெயர் சொல்லி இல்லை என்றார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் பார்க்கின்றேன். அரபிகளின் பறவை கொலைகாரனைத் தேடிக் கத்தியது. நமது பறவை யாரையும் தேடவில்லை. கதையைச் சொல்பவர்களிடம், ‘அந்தக் கணவனுக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை. குழந்தையைக் கொன்றவன் கதையின் நடுவிலேயே காணாமல் போய்விடுகிறான். அவன் பெயரில் ஒரு கரிக்குருவிகூட இல்லை. பிள்ளையை இழந்தவள்தான் பேயாகிறாள். அவள் அழுதால்தான் ஊருக்குக் கெடுதி. பூனையைக் குற்றவாளியாக்கி எலியை மடியில் வைத்திருந்த ரொனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவனாவது முடிவில், புதிதாகக் கிடைத்த ஆந்தைக்குஞ்சை அந்தப் பூனையிடமே நீட்டி, ‘இது சரியானதுதானா’ என்று பார்க்கச் சொன்னான்.

சந்தேகம் என்ற ஒன்றினால் ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிவதும், பிறகு அவள் குரலே அபசகுனம் என்று ஆவதும் பழங்கதை மாத்திரம் என்று என்னால் சொல்ல முடியாது. வன்னியில் இது இன்னும் கனமானது. இந்த மண்ணில் இரவுகளில் கேட்ட ஓலங்கள் எல்லாம் பறவையுடையவை அல்ல. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இன்றும் தெருவோரங்களில் படங்களோடு இருக்கிறார்கள். காட்டுப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டால், ‘அது உலமா’ என்று சொல்லிக் கதவைச் சாத்தும் வசதியை இந்தக் கதை நமக்குத் தருகின்றது. அது பறவையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தெரிந்துகொள்வது முடியாத காரியம் அல்ல. தீபால் வரக்காகொட என்ற பறவை ஆய்வாளர் 1995இல் கித்துல்கல காட்டில் ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத குரல். பேய் என்று அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆறு வருடம் அந்தக் குரலின் பின்னால் அலைந்து, 2001 ஜனவரி 23ஆம் திகதி சிங்கராஜாவில் அதைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனம் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவையினம் அதுதான். சின்னஞ்சிறு செந்நிற ஆந்தை. அவ்வளவு காலமும் அங்கேதான் இருந்திருக்கின்றது.

ஸூரத்துந் நம்லில் வரும் ஹுத்ஹுத் பறவையையும் நினைத்துப் பார்க்கலாம். (நம் வரண்ட பகுதிகளில் கொண்டலாத்தி என்பார்களே, அது.) அணிவகுப்பில் அதைக் காணாத ஸுலைமான் (அலை) அவர்கள் கோபப்பட்டாலும், தெளிவான காரணத்தோடு வந்தால் தண்டனை இல்லை என்றார்கள். அது ஸபா நாட்டைப் பற்றிய செய்தியோடு வந்தபோது, பறவை சொன்னதென்று தள்ளவும் இல்லை, உடனே நம்பவும் இல்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்று கடிதத்தைக் கொடுத்து அதையே அனுப்பினார்கள்.

நம்மிடம் இன்று தொலைபேசி இருக்கின்றது. அதில் ஒலிப்பதிவும் இருக்கின்றது. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வரும் மாணவியர் பலர். வரும் விடுமுறையில் அப்படியொரு குரல் கேட்டால், வீட்டுக்குள் இருந்தபடியே பதிவுசெய்யுங்கள். திகதி, நேரம், நிலவா இருட்டா, மழையா, எந்தத் திசை, எந்த மரம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறுநாள் ஊரில் யாராவது மௌத்தானார்களா என்பதையும் எழுதுங்கள். ஒருவரும் மௌத்தாகவில்லை என்றால் அதையும் விடாமல் எழுதுங்கள். பயந்தீர்களா என்பதற்குத் தனியாக ஒரு நிரல் போட்டுக்கொள்ளலாம்.