கவர் பாடுங்க... ஆனா அது யாரோட பாட்டுன்னு சொல்லிட்டுப் பாடுங்க!

ரீல்ஸில் ஒரு பாட்டு ஓடுகிறது. ஒரு கிட்டார், மெல்லிய குரல், 30 விநாடி. கீழே கமென்ட்டில் முதல் கேள்வி, "என்ன பாட்டு ப்ரோ இது?" பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். ஒருவர் படத்தின் பெயரைச் சொல்கிறார். இன்னொருவர் அந்தப் படத்தின் ஹீரோ பெயரைச் சொல்கிறார். எழுதியவர் யார், இசை யார், முதலில் பாடியது யார் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். "பாட்டு நல்லா இருக்கா, கேட்டோமா, போனோமா" என்று கடந்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர்களோடு சேர்த்து ஒருவரின் உரிமையும், வருமானமும், பாட்டின் வரலாறும் காணாமல் போகின்றன. கவர் பாடல்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். பெயர் இல்லாத கவர்தான் வேண்டாம் என்கிறேன்.

திரும்பி வரும் பாடல்கள்

2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. 'குணா' (1991) வெளியானபோது பிறந்தே இராதவர்கள்கூட அந்தப் படத்தின் காதல் கடிதப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டார்கள். இசை இளையராஜா, வரிகள் வாலி, குரல்கள் கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும். அதே ஆண்டு 'லப்பர் பந்து' வந்ததும், விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' (1989) படப் பாட்டு ஒன்று மறுபடி எல்லார் போனிலும் ஒலித்தது.

பழைய பாட்டு இப்படித் திரும்பி வருவது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பிலிருந்து அந்த மலையாளப் படத் தயாரிப்பாளர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. சமூக வலைதளங்களில் பலரும் கேட்ட கேள்வி, "பாட்டை நாலு பேர் கேட்டா நல்லதுதானே, இதுக்கு எதுக்கு நோட்டீஸ்?" இப்படிக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பாட்டில் ஒரே உரிமை இல்லை. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. மூன்றும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 'படகோட்டி' (1964) படத்துக்கு வாலி எழுதிய ஒரு டூயட். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. 40 ஆண்டு கழித்து 'நியூ' (2004) படத்தில் அதே வரிகளுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் வேறு மெட்டுப் போட்டார். வரி ஒன்றுதான், மெட்டு இரண்டு. இதை "ரஹ்மான் பாட்டு" என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

செயலிக்கு ஏன் தெரிவதில்லை?

"இதெல்லாம் எதுக்கு? ஷசாம் போட்டா சொல்லிடுமே" என்பார்கள். சொல்லும், ஆனால் எல்லா நேரமும் அல்ல. ஷசாம் பாட்டை நம்மைப் போலக் கேட்பதில்லை. எந்த விநாடியில் எந்த அலைவரிசை ஓங்கி ஒலிக்கிறது என்ற புள்ளிகளை எடுத்து ஒரு கைரேகை மாதிரி வைத்துக்கொள்கிறது. தன் கிடங்கில் இருக்கும் கைரேகையோடு அது பொருந்தினால் பெயர் வரும். அதனால் அதே ஒலிப்பதிவு கிடங்கில் இருந்தாக வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் பாடிய கவரோ, அப்லோடே ஆகாத பழைய கேசட் பாட்டோ அதற்கு அந்நியம்.

கூகுள் 2020-ல் கொண்டுவந்த 'முணுமுணுத்துத் தேடும்' வசதி வேறு மாதிரி. அது குரலையும் வாத்தியத்தையும் தள்ளிவிட்டு மெட்டின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுகிறது. அதற்கும் கிடங்கில் அந்த மெட்டு இருக்க வேண்டும், அதோடு சரியான பெயரும் ஒட்டியிருக்க வேண்டும்.

சிக்கலே அந்தப் பெயர்ச்சீட்டில்தான். ஸ்ட்ரீமிங் செயலிகளில் 1960-களின் பாட்டைத் தேடினால், ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பத்தின் பெயரும் அது ஏற்றப்பட்ட ஆண்டும் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் பெயர் இருக்காது. பாடலாசிரியர் எங்கோ மெனுவுக்குள் ஒளிந்திருப்பார், சில சமயம் அங்கேயும் இருக்க மாட்டார். மனிதர்கள் தப்பாகப் போட்டதை இயந்திரம் சரியாகச் சொல்லாது.

கவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

கவர் பாடுவது குற்றமல்ல. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு இதற்கென்றே இருக்கிறது. முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டு கடந்திருக்க வேண்டும் (2012-க்கு முன்பு இது 2 ஆண்டு). முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தொழில்நுட்பக் காரணத்துக்குத் தேவைப்பட்டால் தவிர, வரியையோ மெட்டையோ மாற்றக் கூடாது. பழைய பாடகரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போட்டு ஏமாற்றக் கூடாது. 'இது கவர்' என்று அட்டையிலேயே சொல்ல வேண்டும்.

படித்தவுடனே புரியும், இது கேசட், சிடி காலத்து மூளையில் எழுதிய சட்டம். 1980-களில் வட இந்தியாவில் டி-சீரிஸ் நிறுவனம் பழைய பாடல்களைப் புதிய குரல்களில் பாடவைத்து, மலிவு விலைக் கேசட்டாக விற்றுப் பெரிதாக வளர்ந்தது. அந்த மாதிரி வியாபாரத்துக்கு இது பொருந்தும். போனில் ஒரு நிமிடம் பாடி அப்லோடு செய்யும் கல்லூரி மாணவி 50,000 பிரதிக்கு எங்கே போவார்? அதோடு 31சி ஒலிப்பதிவைப் பற்றித்தான் பேசுகிறது, வீடியோவைப் பற்றி அல்ல. நடைமுறையில் பல கவர்கள் யூடியூபில் நிற்பதற்குக் காரணம், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் வீடியோவைத் தூக்காமல் விளம்பரப் பணத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதுதான். அதாவது சட்டம் கொடுத்த தைரியம் இல்லை, கம்பெனி கொடுத்த சலுகை. இந்தச் சட்டம் சின்னக் கலைஞர்களுக்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் பெயர் போடுவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. 57-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது: உரிமையை விற்றுவிட்டாலும், 'இதை எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும். பாடகர்களுக்கும் அதுபோன்ற உரிமையை 38பி பிரிவு 2012-ல் கொடுத்தது.

பெயருக்குப் பின்னால் பணம்

அதே 2012 திருத்தம் இன்னொரு பெரிய காரியத்தையும் செய்தது. ஒரு சினிமா பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமப் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிடும்படி யாரும் கேட்க முடியாது. இந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது.

ஆனால் யாருக்குப் பிரிப்பது? எழுதியவர் பெயரே பதிவில் இல்லை என்றால் பங்கு எப்படிப் போய்ச் சேரும்? எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை வரிகளுக்கு உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அப்படியென்றால் அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை காப்புரிமை இருக்கிறது. பெரிய கவிஞர்களை உலகம் எப்படியாவது நினைவு வைத்துக்கொள்ளும். நாலைந்து பாட்டு மட்டும் எழுதிவிட்டுப் போனவருக்குப் பெயர்ச்சீட்டை விட்டால் வேறு கதி இல்லை.

பாட்டு வேட்டை வெறும் பொழுதுபோக்கா?

ஜெர்மனி வானொலியிலிருந்து 1980-களில் ஒருவர் கேசட்டில் பதிந்த ஒரு பாட்டு, யார் பாடியது என்றே தெரியாமல் 2007-லிருந்து இணையத்தில் சுற்றியது. உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்து தேடினார்கள். 2024 நவம்பரில்தான் விடை கிடைத்தது. ஃபெக்ஸ் என்ற ஜெர்மன் இசைக்குழு, பாட்டின் பெயர் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. எந்தச் செயலியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

நம்மிடமும் அந்தப் பழக்கம் இருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், இசை, கவிஞர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டு, கேசட்டின் உள்அட்டை எல்லாம் தகவல் சுரங்கங்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடம் இல்லாத காலத்தில், படத்தில் ஒரு வடிவமும் தட்டில் ஒரு வடிவமுமாகப் பாடல்கள் இருந்தன. இரண்டையும் தேடிச் சேர்த்து வைத்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே.

நாம் என்ன செய்யலாம்?

கவர் போடுகிறீர்களா? கேப்ஷனில் ஒரே வரி: படம், ஆண்டு, இசை, வரிகள், முதலில் பாடியவர். தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகும். கேட்கிறீர்களா? கவர் பிடித்திருந்தால் ஒரிஜினலையும் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். செயலியில் தகவல் தப்பாக இருந்தால் புகார் செய்யுங்கள். வீட்டுப் பரணில் கேசட் பெட்டி கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் உள்அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

செயலிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டு ஓடும்போது திரையில் ஹீரோ போட்டோவுக்கு அவ்வளவு இடம் இருக்கிறது. எழுதியவர் பெயருக்கு ஒரு வரி இடம் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

"என்ன பாட்டு ப்ரோ இது?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், படத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்.