இருக்கிற இடத்தையும் அடைத்துக்கொள்ள ஏழு லட்சமா?

பதிவு நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதற்குப் பத்து நிமிடம் பொறுக்கலாம்.

சின்ன வீட்டை "ஸ்டைலாக" மாற்றுவது எப்படி என்று ரீல்ஸில் தினமும் ஒருவர் வந்து சொல்கிறார். நீங்களும் அதை எனக்கு அனுப்பி "சார், எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஈரத்துணி இல்லை, அரிசி மூட்டை இல்லை, பள்ளிக்கூடப் பை இல்லை, பாட்டி இல்லை. அது ஒரே ஒரு படம் எடுப்பதற்காகத் தயார் செய்த அறை. அந்த யோசனையை எடுத்து, நாலு பேர் குடியிருக்கிற அறுநூறு சதுர அடியில் பொருத்தினால், முதலில் வெளியேறுவது பழைய சாமான் அல்ல, மனிதர்கள்.

இது வாய்க்கு வந்தபடி சொல்வதல்ல. போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை பிளாட், உள்ளளவு 612 சதுர அடி. ஹாலுக்கு பால்ஸ் சீலிங், ஓரமெல்லாம் மறைவிளக்கு. டிவி சுவருக்கு வரிவரியான பேனல். ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை பெயின்ட். படுக்கையறையில் சுவர் முழுக்க வார்ட்ரோப். பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி "ரீடிங் கார்னர்". அடுப்படிச் சுவரை இடித்து ஓப்பன் கிச்சன். ஆக மொத்தம் 7,40,000 ரூபாய். "நாற்பதாயிரம் கையில இருக்கு சார், மீதிக்கு பெர்சனல் லோன்" என்றான். பெயர் சொல்லமாட்டேன். கணக்கை மட்டும் இங்கே போடுகிறேன், அவன் அனுமதியோடு.

முதலில் அந்தக் கூரை. ஹால் 10 அடிக்கு 14 அடி. தரையிலிருந்து கான்கிரீட் வரை ஒன்பதரை அடி. ஜிப்சம் பலகையை 10 அங்குலம் இறக்கப் போகிறார்கள். 140 சதுர அடியை 10 அங்குலத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 117 கன அடி. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள ஸ்டீல் பீரோ 29 கன அடி வரும். அதாவது நாலு பீரோவைக் கூரையில் தொங்கவிட்ட மாதிரி. உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்க முடியாத பீரோ!

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஒன்பது அடி. ஏசி அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் போதும் என்று சலுகை. நம் மாணவன் வீட்டு ஹால் இந்த வேலைக்குப் பிறகு 8 அடி 8 அங்குலம். ஏசி உள்ளே படுக்கையறையில்தான் இருக்கிறது. ஹாலில் மின்விசிறி. அந்த விசிறி என்ன ஆகும்? பழைய தண்டோடு விட்டால் உயரமான பையன் கையைத் தூக்கிச் சட்டை போடும்போது இறக்கையில் படும். தண்டைக் குட்டையாக்கினால் இறக்கை கூரையோடு ஒட்டிக்கொள்ளும். விசிறி மேலேயிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. மேலே ஓர் அடியாவது இடைவெளி இல்லையென்றால் சத்தம் வரும், காற்று வராது. சித்திரை வெயிலில் மாடிக்குக் கீழே இருக்கிற பிளாட்டில் இதைச் செய்துவிட்டு, பிறகு "ஹாலுக்கும் ஒரு ஏசி போட்டுடலாமா சார்?" என்று கேட்பான். கேட்கத்தான் போகிறான்.

மறைவிளக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தில் தூசியும் பல்லியும் சேர்வதை எந்த ரீலிலும் காட்டுவதில்லை. பட்டை விளக்கின் டிரைவர் ஒன்று போனால் ஏணி போட்டு ஆள் ஏற வேண்டும். மேல்வீட்டுக் குளியலறையில் கசிவு வந்தால், கறை தெரிவதற்குள் பலகை ஊறிப்போயிருக்கும்.

அடுத்தது படுக்கையறை. 10 அடிக்கு 11 அடி, ஆக 110 சதுர அடி. வார்ட்ரோப் 20. ஐந்துக்கு ஆறரை கட்டில் 32.5. டிரெஸ்ஸிங் டேபிள் 6. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் குட்டி மேசைகள் 4.5. கூட்டினால் 63. கதவு திறக்க 7 சதுர அடி விட வேண்டும். மிச்சம் 40. அதிலும் வார்ட்ரோப் கதவு திறக்கும்போது ஒன்றரை அடி போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. இந்த அறையில்தான் ஆறாம் வகுப்புப் பெண் உட்கார்ந்து படிக்க வேண்டும். கொட்டேஷனை மூன்று முறை படித்தேன். அவளுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி எங்கும் இல்லை. தண்ணீர் ஊற்றி வேரில்லாப் பூ மிதக்கவிட உருளி இருக்கிறது. (உருளி செட்டிநாட்டு முற்றத்துக்கு அழகு. பத்தடி ஹாலில் அது தவழும் குழந்தைக்கு வைத்த பொறி.)

இப்போது நான் எதற்காக இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்திலேயே ஒரு வீடு. யார் வீடு என்று எழுதமாட்டேன், படிக்கிறவருக்குத் தெரியும். அழகாக மாற்றினார்கள். பழைய மர நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, தரையோடு தரையாக ஒரு சோபா வாங்கினார்கள். உட்காரும் உயரம் 13 அங்குலம். நான் அளந்தேன், நாடா எப்போதும் என் பையில் இருக்கும். சாதாரண சாப்பாட்டு நாற்காலி 18 அங்குலம். இந்த ஐந்து அங்குல வித்தியாசம் முப்பது வயதில் தெரியாது. என் அக்காவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வந்து கை கொடுக்க வேண்டும். கட்டிலும் அப்படியே தாழ்வு. ராத்திரி பாத்ரூம் போக மகனை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு, மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பத்து நாள் இருக்கலாம் என்று பை கட்டிக்கொண்டு போனவர், மூன்றாம் நாளே "ஊர்ல பிரதோஷம்டா, நான் இல்லாம ஆகாது" என்று பஸ் ஏறிவிட்டார். மகனும் மருமகளும் நல்ல பிள்ளைகள், யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த சோபாதான் சொன்னது.

இதை ஸ்டைல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பால்கனிக்கு வருகிறேன். ஆறடிக்கு மூன்றடி பால்கனியை மூடினால் 18 சதுர அடி "கிடைக்கிறது" என்கிறார்கள். அந்த 18 சதுர அடிதான் துணி காய்ந்த இடம், காற்று நுழைந்த வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு பேர் துணி எங்கே காயும்? படுக்கையறையில், கட்டில் கம்பியில். அந்த ஈரம் சுவரில் ஏறும், வார்ட்ரோப்புக்குள் பூசண வாடை வரும். உள்ளே போட்டது அழுத்திய தூள் பலகையாக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் அடி உப்பிவிடும். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். விலை கூடத்தான். ஆனால் அதையும் தேவையான அளவுக்கு மட்டும் செய்தால் செலவு கட்டுக்குள் வரும்.

ஓப்பன் கிச்சன் பற்றி ஒரே வரி. கருவாடு வறுக்கிற வீட்டில் அடுப்படிச் சுவரை இடிப்பவனுக்கு வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"சாருக்கு வயசாயிடுச்சு, பழசையே புகழ்றார்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். நான் பிறந்தது ஆலைத் தொழிலாளர் லைன் வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, ஆறு பேர். அது பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குப் புடவை மாற்ற ஒதுக்கிடம் கிடையாது, கதவைச் சாத்திவிட்டு எங்களை வெளியே நிறுத்துவார். ஆனால் அந்த அறை ஒரு நாளில் நாலு அறையாக மாறியது. காலையில் அடுப்படி, பகலில் அம்மா பூக்கட்டும் இடம், மாலையில் படிப்பறை, இரவில் படுக்கை. காரணம், எதுவும் தரையில் ஆணியடித்து நிற்கவில்லை. பாய் சுருண்டு மூலைக்குப் போனது. துணி கொடியில், விளக்கு மாடத்தில், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரம் பரணில். இன்று அந்த மாதிரி ஐந்து மடங்கு இடம் வாங்கி, அறைக்கு ஒரே ஒரு வேலை என்று நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறோம். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் திருவனந்தபுரத்தில் பல பத்தாண்டுகள் சிக்கனமாக வீடு கட்டிக் காட்டினார், 2007-ல் மறைந்தார். தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டிலேயே பழைய கதவையும் ஜன்னலையும் உடைந்த பொருட்களையும் பயன்படுத்தினார். அந்த வீட்டை யாரும் அழகில்லை என்று சொன்னதில்லை.

அழகு வேண்டாம் என்று நான் சொன்னேனா? காலையில் வாசலில் கோலம் போடுகிற ஊர்க்காரனிடம் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா? ரீல்ஸில் வரும் யோசனை எல்லாமே பொய்யும் அல்ல. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் உண்மையிலேயே உள்ளே வரும். அதற்கு ஆசாரி கூலி ஒரு நாள். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேலே அடிக்காமல் கூரைக்கு ஓர் சாண் கீழே அடித்து, துணியைத் தரை வரைக்கும் விட்டால், அறை உயர்ந்து தெரியும். கால் உள்ள மேசை, கால் உள்ள பெஞ்ச் வாங்குங்கள். அடியில் தரை தெரிந்தால் இடம் பெரிதாகத் தோன்றும், விளக்குமாறும் போகும். கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெளிர்நிறம். கரும்பச்சைச் சுவர் பெரிய பங்களாவில் கம்பீரம், இருட்டு ஹாலில் பகலிலேயே விளக்குப் போட வைக்கும்.

விளக்கை மட்டும் கொஞ்சம் கவனித்துச் செய்யுங்கள். நடுக்கூரையில் ஒரே டியூப்லைட் எரிந்தால் எந்த வீடும் ரேஷன் கடை மாதிரித்தான் தெரியும். அதற்குக் கூரையை இறக்க வேண்டியதில்லை. சுவரோரம் கண்மட்டத்தில் இரண்டு விளக்கு, 2700 அல்லது 3000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்ச பல்பு, ஒவ்வொன்றும் 9 வாட். படிக்கிற மேசைக்கு மட்டும் 4000 கெல்வின். மாலையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு இவற்றைப் போட்டுப் பாருங்கள்.

விரிப்புக்கு வெளிநாட்டு ரக்கு எதற்கு? பவானி ஜமுக்காளம் ஒன்று போதும். விருந்தாளி வந்தால் விரிக்கலாம், போனதும் மடிக்கலாம், துவைக்கலாம். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டிய ஒரு வீட்டைப் பார்த்தேன். எந்தப் பேனலும் அதன் பக்கத்தில் நிற்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை எந்த இன்டீரியர்காரரும் சொல்லமாட்டார், ஏனென்றால் அதில் அவருக்குக் காசு இல்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் பீரோவை நகர்த்துங்கள். ஓடாத மிக்ஸி, கல்யாணத்தில் வந்து பிரிக்காத டின்னர் செட், மூன்று தலைமுறை எவர்சில்வர் அண்டா, இவற்றில் பாதியைக் கொடுத்துவிடுங்கள். மறைத்து வைக்க அலமாரி செய்வதற்கு முன்னால், மறைக்க வேண்டியது எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இது மட்டும்தான் சொல்லவேண்டியது. சுவரில் பதிக்கிற எதற்கும் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.

கடைசியாகப் பணக்கணக்கு. ஏழு லட்சம், 13 சதவீத வட்டி, ஐந்து வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 15,930 ரூபாய். அறுபது மாதத்தில் கட்டுவது 9,55,000-க்கு மேல். வட்டி மட்டும் இரண்டரை லட்சம். வீட்டுக் கடன் தவணை தனி. ஐந்தாவது வருஷம் கடைசித் தவணை கட்டும்போது அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் இருப்பாள். பேனல் வரிகளுக்குள் தூசி இருக்கும், புது ரீலில் வேறு நிறம் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனிக்காரர் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று சொன்னால், வட்டியை விலையில் எங்கே சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் வட்டிக் கணக்கு படித்தவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் எனக்குத்தான் வெட்கம்.

அந்த மாணவனும் நானும் போன ஞாயிறு உட்கார்ந்து புதுப் பட்டியல் போட்டோம். பெயின்ட், விளக்கு, கண்ணாடி, திரை, ஒரு வார்ட்ரோப் (சுவர் முழுக்க அல்ல, ஆறடி), அடுப்படிக்கு மரைன் பிளை அலமாரி, பெண்ணுக்கு ஜன்னலோரம் மேசை நாற்காலி, ஹாலில் 18 அங்குல உயரத்தில் கைப்பிடி வைத்த இரண்டு மர நாற்காலி. பால்கனி திறந்தே இருக்கும். 1,60,000-க்குள் முடிகிறது. ஆறேழு மாதம் சேர்த்துச் செய்வான், லோன் இல்லை. அவன் மனைவிக்குக் கரும்பச்சைச் சுவர் மேல் இன்னும் ஆசை இருக்கிறது. சரிம்மா, சமையலறைக் கதவுக்கு அந்த நிறம் அடித்துக்கொள் என்றேன். சிரித்தாள். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை.

உங்களில் யாராவது இப்படி வேலை தொடங்கப் போவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள். படம் வேண்டாம். ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், உயரம், ஜன்னல் எந்தச் சுவரில், வீட்டில் யார் யார், என்ன வயது, இவ்வளவு போதும். அம்மா அப்பா ஊரிலிருந்து வருஷத்தில் எத்தனை நாள் வந்து தங்குவார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.