தாத்தாவின் ஊர் எது?

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் வாழும் ஒரு தமிழர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு கப்பல் ஏறிய தன் பூட்டனாரின் கிராமத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தாராவியில் வாழும் தமிழர் பலருக்கு, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ரெயில் ஏறிய பாட்டனாரின் கிராமம் தெரியவில்லை. கேட்டால், "திருநெல்வேலிப் பக்கம்" என்கிறார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இந்த வேடிக்கைக்குக் காரணம் உண்டு. கப்பலில் போனவரின் ஊரையும் பேரையும் வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். ரெயிலில் வந்தவரின் ஊரை யாரும் எழுதவில்லை.

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, 'டிரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யப் போனவர்கள் அவர்கள். 1911 வரையில் இப்படிப் போனவர்களின் தொகை 1,52,184. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. அன்பினால் எழுதியது அல்ல. ஓடிப்போனால் அடையாளம் சொல்லிப் பிடிப்பதற்கு உதவும் என்று எழுதியது. ஆனாலும் அந்தக் கணக்குதான் இன்று பேரன், பேத்திகளுக்கு வழி காட்டுகிறது. சுரேந்திர பானா போன்ற வரலாற்றுப் பேராசிரியர்கள் அந்தக் கப்பல் பட்டியல்களை ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார்கள். மொரீசியசில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில், குடியேறிய கூலிகளின் புகைப்படங்கள்கூடப் பாதுகாக்கப்படுகின்றன.

பட்டியல் இருந்தாலும் தேடுவது சுலபம் அல்ல. முனிசாமி 'மூன்சாமி' ஆகிவிட்டார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆகிவிட்டார். வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருந்தால், இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களில் தேட வேண்டும். அப்படியும் தேடுகிறார்கள். கடல் கடந்து வந்து, ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "இந்தப் பெயர் உங்கள் குடும்பத்தில் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

தாராவிக்கு வந்தவர்களின் கதை வேறு. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் இங்கே வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் வந்தார், தம்பியை அழைத்தார், தம்பி மச்சானை அழைத்தார். ஒரு சந்தில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் என்ற நிலை உண்டாயிற்று. அதனால் யாரும் ஊர்ப் பெயரை எழுதி வைக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கே தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும்?

1992-93 கலவரத்தில் பல குடும்பங்கள் இடம் மாறின. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது, தகரப் பெட்டிக்குள் இருந்த பழைய கடிதங்களும் பத்திரங்களும் ஊறிக் கூழாகிப் போயின. குடிசை இடிபட்டு விலாசம் மாறியதும், ஊரிலிருந்து வந்த தபால் திரும்பிப் போயிற்று. அங்கே அண்ணன் காத்திருந்தார். இங்கே தம்பி, அண்ணன் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேருமே மறக்கவில்லை.

இப்போது தாராவி முழுவதுமே மாறப் போகிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவியிலேயே வீடு என்பது மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி. மற்றவர்கள் மும்பையின் வேறு பகுதிகளுக்குப் போக வேண்டியிருக்கும். வீடு கிடைப்பதா இல்லையா என்பதே இன்று பெரிய கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால், "உன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே வண்டியில் வந்தவர்கள்" என்று சொல்லக்கூடிய பக்கத்து வீட்டு ஆச்சி எந்த மூலைக்குப் போவார் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

'ஊர் தெரிந்து என்ன ஆகப் போகிறது, அங்கே நிலமா நீச்சா?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது விடை தெரிந்துகொள்வார்கள். பட்டியல் சாதியினர் மராட்டியத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்டு 10-ந் தேதியன்று குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அதற்குப் பிறகு வந்த குடும்பம் என்றால், தகப்பனாருக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அதைக் கொண்டு இங்கே வாங்கும் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் உதவும். மராட்டிய அரசின் இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. தகப்பனாரின் வேலைக்காகச் சிறு வயதில் மும்பைக்கு வந்த ஆந்திர மாணவர் ஒருவர், இங்குள்ள ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்துச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் தாத்தாவின் ஊரும், அவர் வந்த வருடமும் கேள்வியாக நிற்கின்றன.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள குமாஸ்தாக் குடும்பங்கள், தங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்கலாம். பாட்டனாரின் இனிஷியலில் முதல் எழுத்தே ஊர்ப் பெயர்தான். ஆனால் மும்பைப் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தகப்பனார் பெயரை நிரப்பினார்கள். ஊர் விழுந்துவிட்டது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளையிடம் அந்த முதல் எழுத்துக்கு என்ன விரிவு என்று கேட்டால் விழிக்கிறது.

தேடுவதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் ஜில்லாவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986-ல் தூத்துக்குடியும், 2019-ல் தென்காசியும் பிரிந்துவிட்டன. நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி, பதில் இல்லை என்று வருந்துவதில் பயன் இல்லை. முன்பெல்லாம் ஊர்க் கர்ணத்தைக் கேட்டால் நான்கு தலைமுறை வம்சாவளியை வாய்ப்பாடு போலச் சொல்வார். பரம்பரைக் கர்ணம் பதவி 1980-ல் ஒழிக்கப்பட்டது. அது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஞாபகமும் அதோடு போய்விட்டது.

மிச்சம் இருப்பது கோவில். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று, எங்கே இருந்தாலும் குடும்பத்தோடு தங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போகும் வழக்கம் உண்டு. ஊர்ப் பெயர் மறந்த ஆச்சிகளுக்கும் சாஸ்தாவின் பெயர் மறப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் பங்காளிகள் அங்கேயே கிடைப்பார்கள். அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில் எந்தெந்தக் குடும்பம் ஊருக்கு உரியது என்பது தெரியும். கலியாண வீட்டு மொய் நோட்டில் பெயரோடு ஊரும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு இருக்கிறது. இவை எல்லாம் சர்க்கார் காகிதங்கள் அல்ல. ஆனால் சர்க்கார் காகிதம் எந்த ஆபீசில் இருக்கும் என்று காட்டிக் கொடுக்கும்.

அரைகுறை ஞாபகத்தையும் தள்ளிவிடக் கூடாது. மத்தியப் பிரதேசத்துக் காண்டுவாவைச் சேர்ந்த சரூ பிரியர்லி, ஐந்து வயதில் ரெயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் இறங்கியவர். ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பம் அவரைத் தத்து எடுத்து வளர்த்தது. 'கணேஷ் தலாய்' என்ற தன் பேட்டையின் பெயரைக்கூட அவருக்குச் சரியாகச் சொல்ல வராது. ஒரு ஸ்டேஷனும் தண்ணீர்த் தொட்டியும்தான் நினைவில் இருந்தன. கம்ப்யூட்டர் வரைபடத்தில் ரெயில் பாதைகளைப் பார்த்துக்கொண்டே போய் 2011-ல் ஊரைக் கண்டுபிடித்தார். பெற்ற தாயையும் பிறகு சந்தித்தார். குளக்கரை, தேரி மணல், பனங்காடு என்று பாட்டி புலம்புவதைப் பேரப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொள்வது நல்லது. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, சாமி பெயர், மும்பைக்கு வந்த வருடம், கூட வந்தவர் யார் என்று எழுத ஒரு பக்கம் போதும்.

தமிழ்நாடு அரசு 2023-ம் ஆண்டு 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தை அறிவித்தது. வெளிநாட்டில் வாழும் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டும் திட்டம் அது. பாராட்ட வேண்டியதே. கடல் தாண்டியவர்களுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், துங்கபத்திரையையும் கிருஷ்ணாவையும் தாண்டியவர்களுக்கும் கிடைக்க வேண்டும். மும்பைத் தமிழர் ஒருவர் தாத்தாவின் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினால், அந்தத் தாலுகாவின் பிறப்புப் பதிவேட்டையும் நிலப் பதிவேட்டையும் பார்த்துப் பதில் சொல்ல மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியை நியமிப்பது அரசுக்குப் பெரிய செலவு அல்ல. தேர்தல் நேரத்தில் தாராவிக்கும் சயான் கோலிவாடாவுக்கும் வந்து தமிழில் ஓட்டுக் கேட்கும் தலைவர்களிடமே இந்த மனுவைக் கொடுத்து அனுப்பலாம்.