பாதுகாப்பு உடைக்குள் உடல் ஏன் கொதிக்கிறது?

தீயணைப்பாளரின் தடித்த உடை, கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவரின் தோல் அங்கி, ரசாயனக் கசிவைக் கையாளுபவரின் முழுநீளக் கவச உடை... எல்லாமே உயிர் காப்பவை. ஆனால் அதே உடை, போட்டிருப்பவரின் உடலைச் சூடாக்கவும் செய்யும். எப்படி?

எடைதான் பிரச்சினையா?

ஓரளவுக்கு. தீயணைப்பாளரின் உடை, தலைக்கவசம், சுவாசக் கருவி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். 10 கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அப்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால்வாசி வெப்பமாகிவிடும்.

அந்த வெப்பம் வெளியேற வியர்வை வேண்டும். ஆனால் வேர்த்தால் மட்டும் உடல் குளிராது, வியர்வை ஆவியாகணும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். காற்றுப் புகாத உடைக்குள் அது வழிந்து தேங்கத்தான் செய்யும். சூடும் உள்ளேயே நிற்கும்.

தண்ணீர் குடிச்சா போதாதா?

தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆனால் அது இழந்த நீரைத்தான் ஈடுகட்டும். தேங்கிய சூடு இறங்க, வேலையை நிறுத்தி, நிழலுக்குப் போய், உடையைத் திறந்து, காற்று படும்படி உட்காரணும். அதற்கு நேரம் வேண்டும்.

சிங்கப்பூரில் விதி என்ன?

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிகளைக் கடுமையாக்கியது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'டபிள்யூபிஜிடி' அளவுதான் அடிப்படை. தேசிய சேவை செய்தவர்களுக்குப் பழகிய பெயர். அது 32 டிகிரி செல்சியஸை எட்டினால், வெளியே கடும் உடலுழைப்பில் இருப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33 டிகிரியை எட்டினால் 15 நிமிடம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அளவு வெளிக்காற்றில் எடுக்கப்படுவது, உடைக்குள் அல்ல. நீராவி வெளியேற முடியாத முழு உடைக்கு 11 டிகிரி வரை கூட்டிக் கணக்கிடச் சொல்லும் தொழில்சார் சுகாதார வழிகாட்டிகள் உண்டு. அப்படிப் பார்த்தால், வெளியே வெறும் 30 டிகிரி என்றாலும் அந்த ஊழியரின் உடலுக்கு அது 41. ஆக, கனமான உடையில் வேலை செய்பவருக்கு 10 நிமிடம் என்பது தொடக்கம்தான்.

யார் கவனிக்க வேண்டும்?

தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிறுத்தணும். நிலைமை முற்றினால் மனம் குழம்பும், பேச்சு தடுமாறும். தனக்கு என்ன ஆகிறது என்பதே அவருக்குப் புரியாது. அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்கணும்.

நம் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழ் பேசும் ஊழியர்கள் ஏராளம். "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வரவில்லையா? உடையைக் கழற்றி, உடம்பை நனைத்து, விசிறிவிட்டு, 995ஐ அழையுங்கள்.