பெயரறியா றோசா

பழைய முற்றத்து மலர்களைத் தேடும் ஆர்வம் நம்மவரிடையே பெருகி வருகின்றது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருடன் பேசுவோர், கோயிலையும் கிணற்றையும் விசாரித்த கையோடு, “மாமி வீட்டு முற்றத்தில் நின்ற அந்த றோசாவின் பெயர் என்ன?” என்றும் வினவுகின்றனர். வினாவில் உள்ள ஏக்கம் மெய்யானது. அதற்கு விடை கூற முற்படுவோரின் அவசரமே இக்கட்டுரைக்குக் காரணம். இளஞ்சிவப்பு நிறம், மிகுந்த மணம் என்னும் இரண்டே குறிப்புகளை வைத்துக்கொண்டு, விற்பனையாளரின் வண்ணப்படங்களுள் ஒன்றைச் சுட்டி, ‘இதுவே அது’ என்று தீர்ப்பளித்து விடுகின்றனர். அதை நம்பி விலைகொடுத்து வாங்கியவர், செடி பூத்த நாளில் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் அதைப்பற்றிப் பேசுவதேயில்லை.

றோசா வகைகளுக்கு இடப்பட்ட பெயர்கள் பல்லாயிரம். நிறமும் மணமும் மட்டும் தெரிந்து அவற்றுள் ஒன்றைத் தெரிவது, திருவிழாக் கூட்டத்திலே வெள்ளை வேட்டி கட்டியவரைக் கண்டுபிடி என்பதை ஒக்கும். நம்முடைய பழைய பெயர்ச் செல்வமும் இங்கே கைகொடாது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலர் றோசாவைச் சொல்லவில்லை. ‘பன்னீர் றோசா’ என்னும் நம் வழக்கோ ஒரு வகையை வரையறுத்துக் காட்டுவதன்று. மணமுள்ள இளஞ்சிவப்பு றோசாக்கள் பலவற்றுக்கும் அது செல்லும். வெண்பூப் பூக்கும் பன்னீர் மரம் வேறு இருத்தலால் மயக்கம் இரட்டிக்கின்றது.

இதனால் நினைவு பயனற்றது என்று கொள்ளலாகாது. கேட்கத்தக்கதைக் கேட்டால் நினைவு நன்றாகவே விடை சொல்லும். காலையில் விரிந்த பூ மாலையில் வெளிறிற்றா, நிறம் ஏறிற்றா? சீன வழிவந்த றோசாக்கள் வெயில் படப்படச் சிவப்பேறுவன. ஐரோப்பியப் பழவகைகள் வெளிறுவன. ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூத்ததா? இதனை நாள்தோறும் சாமிக்குப் பூக்கொய்த பிள்ளை மறந்திராது. மேலைநாட்டார் புகழும் கல்லிக்கா, அல்பா, சென்றிபோலியா என்னும் பழைய குலங்களுட் பெரும்பாலானவை குளிர்காலத்தைக் கழித்து ஆண்டுக்கொருமுறை பூப்பவை. யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அவை செழித்துப் பூத்தல் அரிது. எனவே நம் முற்றத்து மலருக்கு அப்பெயர்களைச் சூட்ட வருவோரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். முள் எவ்வாறிருந்தது என்பதும் நல்ல வினா. பூவின் நிறத்தைக் கண் மறந்தாலும், பாவாடையைக் கிழித்த முள்ளைச் சிறுமி மறப்பதில்லை.

என் சின்னம்மாவின் வளவிலும் அப்படியொரு செடி இருந்தது. உரும்பிராய்ச் செம்மண், கிணற்றடியிலிருந்து வாழைக்கு ஓடும் வாய்க்காலின் கரை, ஆளுயரப் புதர். கொத்தாக நாலைந்து பூக்கும். சின்னம்மா அதனைக் ‘கோப்பாய்ப் பூ’ என்பார். கோப்பாயில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து ஈரச்சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்த தடியாம். தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், நான் சொன்ன குறிப்புகளைக் கேட்டு, அது இந்தியாவில் ‘எட்வர்ட்’ எனப்படும் றோசாவாக இருத்தல் கூடும் என்றார். ‘கூடும்’ என்றாரே, அதற்காகவே அவரை மதிக்கின்றேன்.

அந்த எட்வர்ட்டின் கதையே பெயர்களின் நிலையாமைக்குச் சான்று. இந்து சமுத்திரத்திலுள்ள ரெயூனியன் தீவுக்கு அக்காலத்திற் பூர்போன் என்று பெயர். அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர், சீனத்து இளஞ்சிவப்பு றோசாவையும் டமாஸ்கு றோசாவையும் தோட்டங்களுக்கு வேலியாக நட்டனர். மனிதர் முயற்சியின்றி இரண்டும் கலந்து புதிய செடியொன்று தோன்றிற்று. 1817 ஆம் ஆண்டளவில் அது பிரெயோன் என்னும் தாவரவியலாளரின் கவனத்துக்கு வந்தது. 1819 இல் அதன் விதைகள் பாரிசுக்குச் சென்றன. அவற்றிலிருந்தே பூர்போன் றோசாக்கள் என்னும் குலம் ஐரோப்பாவிற் பெருகிற்று. அத்தீவில் ‘எடுவார்’ எனப்பட்டதே இந்தியாவில் ஆங்கிலேயர் நாவில் ‘எட்வர்ட்’ ஆயிற்று என்பர். தென்னிந்தியாவில் மாலை கட்டுவோர் கூடைக்கணக்காக வாங்குவதும் இதனையே. கோப்பாயிலிருந்து வந்தமையாற் கோப்பாய்ப் பூ என்ற என் சின்னம்மா, பூர்போன் தீவிலிருந்து வந்தமையாற் பூர்போன் றோசா என்ற பிரெஞ்சுக்காரரிலும் எவ்வகையிற் குறைந்தவர்?

இன்னொரு பொறியும் உண்டு. நாற்றுமேடைகளில் வாங்கும் றோசாக்களுட் பல ஒட்டுச் செடிகள். மேலே ஒட்டியது பட்டுப்போக, அடியிலுள்ள ஒட்டுக்கட்டை துளிர்த்துப் பூக்கும். வீட்டார் அதனை அறியாது நீர் வார்ப்பர். அமெரிக்காவில் ‘பாட்டி வீட்டுக் கருஞ்சிவப்பு றோசா’ என்று தேடப்படுவது பல வேளைகளில் 1920 இல் வெளிவந்த ‘டொக்டர் ஹியூயி’யாக முடிகின்றது, அங்கே ஒட்டுக்கட்டையாகப் பெரிதும் வழங்கியது அதுவே. இந்தியாவில் எட்வர்ட்டும் ஒட்டுக்கட்டையாகப் பயன்பட்டதுண்டு. ஆகவே விலைச்சீட்டு கைவசம் இருந்தாலும், நினைவிலுள்ள பூ அதிற் குறித்த பூவே என்று சாதிக்க இயலாது.

ஆயின் கருத வேண்டியது வேறொன்று. விதையாற் பெருகும் செடியில் மகள் தாயல்லள். தடியாற் பெருகும் றோசாவிலோ தாயும் மகளும் ஒன்றே. முறித்து நட்ட ஒவ்வொரு தடியும் அதே செடியின் தொடர்ச்சி; கோப்பாய் வளவில் நின்றதும் உரும்பிராய் வளவில் நின்றதும் ஒரே உடம்பு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நீர் வார்ப்பாரின்றி மடிந்த முற்றங்கள் பல. சின்னம்மாவின் புதரும் அவ்வாறே பட்டுப்போயிற்று. எனினும் அவர் கேட்டவர்க்கெல்லாம் தடி முறித்துக் கொடுத்தவர். அவற்றுள் ஒன்று எங்கேனும் வேர்விட்டு நிற்குமாயின், அது அதனைப் போன்ற றோசா அன்று, அதே றோசா. மரபணுச் சோதனையும் இரண்டு உயிர்ச்செடிகள் ஒன்றா வேறா என்றே சொல்லும். இலையின்றி நினைவைச் சோதிக்கும் கருவி கிடையாது. ஆதலாற் பெயரைத் தேடுமுன் செடியைத் தேடுக என்பதே என் கட்சி.

இதனை ஒழுங்காகச் செய்து காட்டியவர் பெர்முடாத் தீவினர். யாழ்ப்பாணத்தைப் போலச் சுண்ணக்கல்லின்மேல் அமைந்த சிறுநிலம் அது. 1954 இல் அங்கே தோன்றிய றோசாச் சங்கத்தார், பழைய முற்றங்களில் நின்ற பெயரறியாச் செடிகளைத் தடி முறித்துக் காத்தனர். பெயர் தெரியும்வரை கண்ட இடத்தின் பெயரையோ மனிதர் பெயரையோ வழங்கினர். ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’, ‘எமி கிரே’ என்பன அவ்வாறு வந்தவை. இவற்றை மர்ம றோசாக்கள் என்றே அழைத்தனர். சிலவற்றின் பழம்பெயர் பற்றிப் பின்னர் அறிஞர் கருத்துரைத்தனர். சில இன்னும் மர்மமே. எதுவாயினும் செடி உயிரோடு நின்றமையாலன்றோ அறிஞர் வாதாடவும் இயன்றது! தெரியாததைத் தெரியாதது என்று எழுதிவைக்கும் இந்த நேர்மை, தெரியாத செடிக்குக் கவர்ச்சியான பிரெஞ்சுப் பெயரொன்றைச் சூட்டும் சாமர்த்தியத்திலும் உயர்ந்தது என்பேன்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியைத் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். பூத்து ஓய்ந்த கிளையிற் பென்சிற் பருமனுள்ள பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மாரி தொடங்கும் வேளையில் நிழலான இடத்தில் மணல் கலந்த மண்ணில் ஊன்றுதல் வேண்டும். ஒன்று போதாது, ஐந்தாறு தடிகளை வெவ்வேறு வீடுகளிற் கொடுத்து வைத்தல் நன்று. பூவுடன் நின்றுவிடாது, முள், சீறிலைகளின் எண்ணிக்கை, மொட்டை மூடியுள்ள புல்லிகள், காய் ஆகியவற்றையும் படம்பிடித்தல் வேண்டும். பெயர்ச்சீட்டிலே வீட்டுக்காரர் பெயர், ஊர், தடி எடுத்த நாள், அதனை அவருக்குக் கொடுத்தவர் யார் என்பவற்றை எழுதுக. வகையின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடுக.